கையிருப்பு யார் தலையில்?

கூமாப்பட்டிக்கு மேற்கே, மலை எழும்பத் தொடங்கும் இடத்தில் பிளவக்கல் அணைகள் இரண்டு இருக்கின்றன. பெரியாறு அணை 47 அடி, கோவிலாறு அணை 42 அடி. மேட்டூரைப் பார்த்த கண்ணுக்கு இவை சற்றே உயர்ந்த கண்மாய்க்கரை மாதிரிதான் தெரியும். 2025 ஜூனில் இன்ஸ்டாகிராம் ரீல் ஒன்று கூமாப்பட்டியைத் தமிழ்நாடு முழுக்கப் பேச வைத்தபோது, வண்டி பிடித்து வந்தவர்கள் தேடியது இந்தத் தண்ணீரைத்தான். அந்தத் தண்ணீர் செய்யும் வேலை மட்டும் ரீலில் வரவில்லை. அரை நிமிடத்தில் காட்டக்கூடிய வேலையும் இல்லை அது.

இரண்டு அணைகளும் நேரடியாகப் பாய்ச்சும் நிலம் ஆயிரம் ஏக்கருக்கும் குறைவு. மீதமுள்ள ஏழாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல்கள் நாற்பது கண்மாய்களை நம்பி இருக்கின்றன. மேல்கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர். அது நிறைந்தால் அதற்கும் கீழே. வடகிழக்குப் பருவத்தில் மழை மொத்தமாகக் கொட்டித் தீர்க்கும் நாட்கள் கொஞ்சம்தான். நெல்லுக்கோ நூறு நாளுக்கு மேல் தண்ணீர் வேண்டும். இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் நிற்பது கண்மாய். மேலே வாய்க்கால் உடைந்து ஒரு வாரம் தண்ணீர் வராவிட்டாலும் கீழே மடை திறக்கும், பயிர் வாடாது.

சிக்கனம் பார்ப்பவருக்கு இந்த ஏற்பாடு பிடிக்காது. ஆண்டில் பாதி நாள் வெறுமையாகக் கிடக்கும் நிலம், வெயிலில் ஆவியாகும் தண்ணீர், கரைக்கும் மடைக்கும் வருடா வருடம் செலவு. ஆனால் இந்த வீண்செலவுதான் மேலே நடக்கும் கோளாறு கீழே உடனே இறங்காமல் தடுக்கிறது. தொழில் நிர்வாகம் படித்தவர்கள் இதை பஃபர் ஸ்டாக் என்பார்கள். உலக வணிகத்தின் வழங்கல் சங்கிலிகளைப் பற்றி இன்று நடக்கும் விவாதம் எல்லாம் சுற்றி வந்து நிற்கும் கேள்வி இதுதான்: சங்கிலியில் எந்த இடத்தில் எவ்வளவு சரக்கைத் தேக்குவது, தேக்கும் செலவை யார் ஏற்பது?

இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் தாய்ச்சி ஓனோ உருவாக்கிய முறை இதற்கு நேர் எதிரானது. தேவைப்படும் பாகம், தேவைப்படும் நேரத்தில், தேவைப்படும் அளவில் வந்தால் போதும். கிடங்கில் குவிந்திருக்கும் சரக்கு தொழிற்சாலையின் குறைகளை மூடி மறைக்கும் என்றார் அவர். குறையைக் கண்டுபிடித்துத் திருத்தும் ஒழுங்கு இருந்த இடத்தில் அது அருமையாக வேலை செய்தது. உலகெங்கும் அதை நகலெடுத்தவர்களில் பலர் எடுத்துக்கொண்டது பாதியைத்தான்: கிடங்கை மூடினார்கள், ஒழுங்கை விட்டுவிட்டார்கள். டொயோட்டாவே 2011 ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பிறகு தன் கணக்கைத் திருத்திக்கொண்டது. மின்னணுச் சில்லுகளை மட்டும் மாதக்கணக்குக்குச் சேமித்து வைக்கும்படி பாகம் தருபவர்களிடம் சொன்னது. 2021-இல் சில்லுத் தட்டுப்பாடு வந்தபோது மற்ற கார் நிறுவனங்களைவிடச் சில மாதங்கள் கூடுதலாகத் தாக்குப்பிடித்தது.

கார் கதையை விட்டுவிட்டு ராஜபாளையத்துக்குக் கிழக்கே போவோம். சத்திரப்பட்டி, சமுசிகாபுரம், சங்கரபாண்டியபுரம் என்று வரிசையாக வரும் ஊர்களில் தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம். நெய்வது சேலையோ வேட்டியோ அல்ல, பேண்டேஜ் துணியும் காஸ் துணியும். அறுவை அரங்கில் ரத்தம் ஒற்றும் அந்த வலை போன்ற வெள்ளைத்துணி இங்கிருந்து இந்திய மருத்துவமனைகளுக்கும், கடல் கடந்து பல நாடுகளுக்கும் போகிறது. பக்கத்திலேயே ராஜபாளையத்தில் நூற்பாலைகள். பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த தொழில் அது. நூல் அருகில், தறி அருகில், துறைமுகம் தூத்துக்குடியில். வரைபடத்தில் பார்த்தால் இதைவிடக் கச்சிதமான சங்கிலி கிடையாது.

பஞ்சைக் கேட்டால்தான் சங்கிலியின் நீளம் தெரியும். இந்தியாவின் நூற்பாலைக் கதிர்களில் ஏறக்குறைய பாதி தமிழ்நாட்டில் சுழல்கிறது. அவற்றுக்கு வேண்டிய பஞ்சில் மிகச் சிறு பங்குதான் இங்கே விளைகிறது. மீதி குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானாவிலிருந்து லாரியிலும் ரயிலிலும், சில ரகங்கள் வெளிநாட்டிலிருந்து கப்பலிலும் வருகின்றன. ஆலையில் நூலாகி, சைசிங்கில் பாவுக்குக் கஞ்சி ஏறி, தறியில் துணியாகி, சலவைக்குப் போய், வெட்டி மடித்துப் பெட்டியில் அடைந்து, தூத்துக்குடியில் கண்டெய்னர் ஏறுகிறது. பெரும்பாலும் அங்கிருந்து சிறு கப்பலில் கொழும்பு. கொழும்பில் பெருங்கப்பலுக்கு மாற்றம்.

நடுவில் வரும் சலவையைச் சாதாரண வேலை என்று நினைத்துவிடக்கூடாது. தறியிலிருந்து இறங்கும் துணி தண்ணீரை உறிஞ்சாது. பஞ்சு இழையின் மேல் இயற்கையாகவே மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு. செடிக்கு மழையிலிருந்து விதையைக் காக்க அது வேண்டும், மருத்துவருக்கு வேண்டாம். காஸ்டிக் சோடா கரைசலில் கொதிக்க வைத்து மெழுகை நீக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்து, ரசாயன வாசம் போகும்வரை அலசுகிறார்கள். பழைய குளோரின் வெளுப்பைவிடப் பெராக்சைடு நல்லது, முடிவில் அது தண்ணீரும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துவிடும். உறிஞ்சும் பஞ்சுக்கும் துணிக்கும் மருந்தியல் நூல்கள் வைத்திருக்கும் சோதனை எளியது: தண்ணீரில் போட்டால் பத்து வினாடிக்குள் மூழ்க வேண்டும். மிதந்தால் திரும்பி வரும். மழை குறைந்த விருதுநகர் மாவட்டத்தில் இத்தனை அலசலுக்கும் தண்ணீர் வேண்டும் என்பதை இப்போதைக்கு மனதில் வைத்துக்கொள்வோம்.

இவ்வளவு நீண்ட சங்கிலியின் மறுமுனையில் சின்ன அசைவு ஏற்பட்டால் தறிக்கு என்ன ஆகும்? எம்.ஐ.டி. பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1961-இல் வெளியிட்ட நூலில் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். நாமும் ஒரு கற்பனைக் கணக்குப் போடலாம். ஐரோப்பாவில் ஒரு மருத்துவமனை வாரத்துக்கு 100 கட்டு காஸ் வாங்குகிறது. அதற்கு விற்கும் விநியோகஸ்தர், அவருக்கு மேலே இறக்குமதியாளர், அவருக்கு மேலே சத்திரப்பட்டி ஏற்றுமதியாளர். மூவரும் இரண்டு வாரத் தேவையைக் கையிருப்பாக வைக்கும் பழக்கம் உள்ளவர்கள். மருத்துவமனை ஒரு வாரம் 110 கேட்கிறது. விநியோகஸ்தர் அந்த 110-ஐயும், கையிருப்பை உயர்த்த இன்னொரு 20-ஐயும் சேர்த்து 130 கேட்கிறார். இறக்குமதியாளர் கண்ணில் தேவை 30 கூடிவிட்டது. அவர் 130-உடன் 60 சேர்த்து 190 கேட்கிறார். ஏற்றுமதியாளருக்குத் தேவை 90 கூடியதாகத் தெரிகிறது. 190-உடன் 180 சேர்த்து 370 கட்டு நெய்யச் சொல்கிறார். மருத்துவமனையில் பத்து சதவீதம் கூடியது தறிக்கு வரும்போது ஏறக்குறைய நான்கு மடங்காகிவிட்டது.

அடுத்த வாரம் மருத்துவமனை அதே 110 தான் கேட்கிறது. விநியோகஸ்தர் 110 கேட்கிறார். இறக்குமதியாளருக்கோ தேவை 130-லிருந்து 110-க்குக் குறைந்துவிட்டது. கையிருப்பில் 40 மிச்சம், 70 போதும். ஏற்றுமதியாளர் பார்ப்பது 190-லிருந்து 70-க்குச் சரிவு. அவரிடம் 240 கட்டு உபரி. தறிக்கு ஆர்டர் பூஜ்யம்.

இதில் யாரும் முட்டாள்தனமாக நடக்கவில்லை, யாரும் ஏமாற்றவும் இல்லை. ஒவ்வொருவரும் தம் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து நியாயமாகக் கணக்குப் போட்டார்கள். தறிக்காரர் போன வாரம் இரவெல்லாம் ஓட்டிவிட்டு இந்த வாரம் தறியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். மருத்துவமனையின் உண்மையான நுகர்வை நாலு பேரும் ஒரே நேரத்தில் பார்க்க முடிந்தால் இந்த ஆட்டத்தின் பெரும்பகுதி அடங்கிவிடும். அதற்கான மென்பொருள்கள் எப்போதோ வந்துவிட்டன. ராஜபாளையத்தில் வேர் கொண்ட ராம்கோ குழுமமே இப்படிப்பட்ட நிறுவன மென்பொருள் விற்கிறது. தடையாக நிற்பது தொழில்நுட்பம் இல்லை. தன் விற்பனைக் கணக்கைச் சரக்கு தருபவனிடம் காட்டினால் விலை பேச முடியாது என்ற வியாபார பயம்தான்.

கொரோனாக் காலத்தில் இந்த ஆட்டம் உலக அளவில் நடந்தது. 2020-இல் முகக்கவசத்துக்கும் பாதுகாப்பு உடைக்கும் அடிதடி. அதே நேரத்தில் அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளை உலகெங்கும் தள்ளிவைத்தார்கள். மருத்துவத்துறை என்ற ஒரே கூரையின் கீழ் ஒரு சரக்குக்குப் பஞ்சம், இன்னொன்றுக்குத் தேக்கம். பிறகு கண்டெய்னர் தட்டுப்பாடு. 2021 மார்ச் 23-இல் எவர் கிவன் என்ற 400 மீட்டர் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் உலகத்தை நிறுத்தி வைத்தது.

இந்தப் பக்கத்துக்கு அதைவிட நெருக்கமான உதாரணம் 2023 டிசம்பர் மூன்றாம் வாரம். செங்கடலில் ஹூதிகளின் தாக்குதலால் டிசம்பர் 15-இல் மெர்ஸ்க் நிறுவனம் அந்த வழிக் கப்பல்களை நிறுத்தியது. மற்ற நிறுவனங்களும் தொடர்ந்தன. இரண்டே நாளில், 17, 18 தேதிகளில், தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பேய்மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. சாலையும் ரயில் பாதையும் அறுந்தன. செங்கடல் அரசியலுக்கும் வங்கக்கடல் காற்றுச் சுழற்சிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் ஒரே வாரத்தில் ஒரே சங்கிலியின் இரண்டு கண்ணிகளில் அடி விழுந்தது. தூத்துக்குடி வெள்ளம் சில நாளில் வடிந்தது. செங்கடல் வடியவில்லை; கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போகத் தொடங்கி, ஐரோப்பாவுக்குப் பத்து நாளுக்கு மேல் கூடுதலானது.

நாள் கூடினால் வாடகை மட்டும் கூடும் என்று நினைப்பது இயல்பு. கணக்கு வேறு. பயணம் 25 நாளிலிருந்து 36 நாளாகிறது என்று வைத்துக்கொண்டால், எந்த நேரத்திலும் கடலில் மிதந்துகொண்டிருக்கும் சரக்கு 44 சதவீதம் கூடுகிறது. அந்தச் சரக்கின் நூலுக்குப் பணம் கொடுத்தாயிற்று, கூலி கொடுத்தாயிற்று, வரவு மட்டும் கடலில் இருக்கிறது. எதிர்பாராத தேவைக்காக வாங்குபவர் வைக்கும் காப்பிருப்பு நாட்களின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஏறும். ஆகவே அது 20 சதவீதம்தான் கூடும். முதல் சுமை பெரியது, இரண்டாவது சிறியது. முதல் சுமையைப் பெரும்பாலும் தாங்குவது சரக்கு அனுப்பியவர்.

ஆபத்து வந்தால் இன்னொரு இடத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்பது அடுத்த யோசனை. நூறு தடவைக்குத் தொண்ணூறு தடவை சரியாகத் தரும் இருவரிடம் வாங்கினால், இருவருமே கைவிடும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான். இந்தக் கணக்கு செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு: ஒருவர் விழும் காரணத்தால் மற்றவரும் விழக்கூடாது. சத்திரப்பட்டியில் பத்துத் தறிக்காரர்களிடம் பிரித்து ஆர்டர் கொடுப்பது பத்து வழி ஆகாது. பத்துப் பேருக்கும் நூல் அதே ஆலைகளிலிருந்து, மின்சாரம் அதே கம்பியில், கப்பல் அதே துறைமுகத்தில். இதில் பணக்கார நாடுகளும் தேர்ச்சி பெற்றுவிடவில்லை. 2017-இல் மரியா புயல் புவேர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியபோது அங்கிருந்த பாக்ஸ்டர் நிறுவன ஆலைகள் நின்று, அமெரிக்க மருத்துவமனைகளில் சலைன் பைகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஏழு ஆண்டு கழித்து, 2024 செப்டம்பரில், ஹெலீன் புயல் வட கரோலினாவில் அதே நிறுவனத்தின் இன்னொரு ஆலையை வெள்ளத்தில் மூழ்கடித்தது. அமெரிக்காவின் சலைனில் பாதிக்கு மேல் அந்த ஒரு ஆலையில்தான் தயாராகிக்கொண்டிருந்தது. உப்பும் தண்ணீரும் கலந்த பை! உலகின் மிகப் பணக்கார மருத்துவ அமைப்பு அதற்கு ரேஷன் போட்டது.

மாற்று வழியாக இருப்பதன் கசப்பைத் தென்தமிழ்நாடு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே பார்த்துவிட்டது. 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கி, லங்காஷயர் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்த அமெரிக்கப் பஞ்சு நின்றது. இங்கிலாந்தின் பார்வை இந்தியா பக்கம் திரும்பியது. கரிசல் காட்டுப் பருத்திக்குக் கனவிலும் காணாத விலை. தூத்துக்குடியிலிருந்து கப்பல் கப்பலாகப் போனது. 1865-இல் போர் முடிந்ததும் அமெரிக்கப் பஞ்சு திரும்பி வந்தது, இங்கே விலை விழுந்தது. மான்செஸ்டரின் பார்வையில் சங்கிலி பிழைத்துக்கொண்டது. அதன் கையிருப்பாக நாலு ஆண்டு வேலை செய்தது இந்தியக் காடுகள். அதற்கான வாடகையை யாரும் கொடுக்கவில்லை.

இன்றைய தறிக்காரர் நிலையும் வேறு விதம் அல்ல. வாங்கும் நிறுவனம் தன்னிடம் சரக்கு தேங்குவதில்லை என்று ஆண்டறிக்கையில் பெருமை பேசும்போது, அந்தச் சரக்கு எங்கோ ஒரு கொட்டகையில் பாவு நூலாகவோ சலவைக்குப் போகாத துணியாகவோ கடன் வட்டியில் உட்கார்ந்திருக்கிறது. இருப்பு ஒழிவதில்லை, இடம்தான் மாறுகிறது. யாருக்கு விலை பேசும் வலு குறைவோ அவர் தலையில் போய் இறங்குகிறது. 356 கிலோ கொண்ட ஒரு கேண்டி பஞ்சு 2022 மே மாதத்தில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஓராண்டுக்கு முன் அதில் பாதிதான். அந்த மாதத் தொடக்கத்தில் மட்டும் நூலாலைகள் கிலோவுக்கு 40 ரூபாய் ஏற்றின. திருப்பூரில் இரண்டு நாள் வேலைநிறுத்தம் நடந்தது. இழை எண்ணிக்கை குறைந்த காஸ் துணியில் நெசவுக் கூலி கொஞ்சம், விலையின் பெரும்பங்கு நூல்தான். மூன்று மாதத்துக்கு முன் பேசி முடித்த விலைக்கு, இன்றைய நூலை வாங்கி நெய்துகொடுத்தவர்களின் கணக்கு என்னவாகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நீடித்த தன்மை பற்றிய பேச்சு தனி அத்தியாயமாக நடப்பது எனக்கு ஒப்புதல் இல்லை. அதுவும் இதே கணக்குதான். நொய்யலாற்றில் சாயக்கழிவை விட்ட காலத்தில் திருப்பூர்த் துணி மலிவாக இருந்தது, ஏனென்றால் செலவை ஆறும் ஒரத்துப்பாளையம் அணையின் கீழே இருந்த விவசாயிகளும் தாங்கினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் ஏற்றுமதிச் சங்கிலி ஒரே நாளில் திணறியது. மண்ணில் சேர்த்து வைத்த கடன் திரும்பக் கேட்கப்பட்டது. நூற்பாலை விடுதிகளில் இளம்பெண்களை ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தத்தில் வைத்த சுமங்கலித் திட்டம் பற்றிய அறிக்கைகள் வெளிவந்தபோது வெளிநாட்டு நிறுவனங்கள் தமிழ்நாட்டு நூலைப் பற்றிக் கேள்வி கேட்கத் தொடங்கியதும் அப்படித்தான். சலவைக்கு அலசும் தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் பட்டறை, பக்கத்துக் கிணற்றுக்கு நல்லது செய்கிறது. அதோடு கோடையில் லாரித் தண்ணீர் கிடைக்காத வாரத்திலும் ஓடுகிறது.

மின்சாரத்தில் தமிழ்நாட்டு ஆலைகள் இதைச் சீக்கிரம் புரிந்துகொண்டன. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்களில் பாயும்போது ஆலைகளின் சொந்தக் காற்றாலைகள் தேவைக்கு மேல் உற்பத்தி செய்யும். உபரியை மின்வாரியத்தில் வரவு வைத்துக் காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு நெடுநாளாக உண்டு. 2008-க்குப் பிறகு வந்த கடும் மின்வெட்டு ஆண்டுகளில் காற்றாலை வைத்திருந்த ஆலைக்கும் டீசலை நம்பிய ஆலைக்கும் செலவில் பெரிய இடைவெளி விழுந்தது. இங்கும் பழைய கேள்வி விடவில்லை. வரவு வைத்த மின்சாரத்தைத் தேக்கும் சுமை தன் தலையில் என்கிறது வாரியம். எவ்வளவு காலம், என்ன கட்டணம் என்று வழக்குகள் நடந்தன.

சிறு தறிக்காரருக்கு ஒரு வழி காகிதத்தில் இருந்தது. ஒன்றிய அரசு 2017-இல் தொடங்கிய பவர்டெக்ஸ் இந்தியா திட்டத்தில் நூல் வங்கி என்று ஒரு பிரிவு இருந்தது. தறிக்காரர்கள் கூட்டாகச் சேர்ந்தால் வட்டியில்லாத மூலதனம் தருவதாகச் சொன்னது அது. அதைக் கொண்டு ஆலையிலிருந்து மொத்தமாக நூல் வாங்கி வைத்து, உறுப்பினர்களுக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. கணித ரீதியாக இது வலுவான யோசனை. நூறு பேர் தனித்தனியே அவசரத்துக்கு ஒரு மூட்டை வைத்தால் நூறு மூட்டை. தேவைகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் ஏறி இறங்குமானால், பொதுக்கிடங்கில் பத்து மூட்டை அதே பாதுகாப்பைத் தரும்; இங்கும் வர்க்கமூலம்தான் வேலை செய்கிறது. ஒருவருக்கு ஆர்டர் குவியும் வாரம் இன்னொருவர் தறி சும்மா இருக்கும்.

2022 மாதிரி ஒரு விலையேற்றத்தில் இந்தக் கணிதம் உடைந்துவிடும். அப்போது நூறு பேருக்கும் ஒரே நாளில் நூல் வேண்டும். அந்த அளவுக்குத் தேக்கப் பொதுக்கிடங்கு போதாது. பஞ்சாகவே, அக்டோபர் தொடங்கி வரத்து மிகுந்த மாதங்களில், யாராவது பெரிய கை வாங்கி வைத்திருக்க வேண்டும். 1970-இல் அமைந்த இந்தியப் பருத்திக் கழகத்துக்கு அந்தக் கை உண்டு. ஆனால் அது முதலில் ஆதரவு விலைக்கு விவசாயியிடம் வாங்குவதற்காக வந்தது. சிறு ஆலைகளுக்கும் தறிகளுக்கும் மாதா மாதம் சீராக விற்பது அதன் முதல் கடமையாக எழுதப்படவில்லை. மிச்சமிருப்பது வாங்குபவரின் ஒப்பந்தம். நூல் விலை இவ்வளவு சதவீதத்துக்கு மேல் ஏறினால் துணி விலையும் அதற்கேற்ப ஏறும் என்ற ஒரு வரி அதில் இருந்தால், கையிருப்பின் சுமையில் ஒரு பங்கு ஐரோப்பாவுக்கும் போய்ச் சேரும். அந்த வரியைக் கேட்கச் சத்திரப்பட்டி ஏற்றுமதியாளர்கள் ஒன்றாக உட்கார வேண்டும். இப்போது அவர்கள் ஒரே வாங்குபவரிடம் ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டு விலை குறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.